படியும் சம்பளமும்

பிச்சாவரத்துக் கழிமுகத்தின் உப்புக்காற்று தடையின்றி வந்துபோகும் வகுப்பறை அது. பாடம், பொருளியல். தனிநபர் வருமானம் என்றால் என்ன என்று பாடநூல் விளக்குகிறது. நாட்டின் வருமானத்தை நாட்டு மக்களின் தொகையால் வகுத்தால் வருவது என்கிறது. வகுத்துக் காட்டினோம். பிள்ளைகள் எழுதிக்கொண்டனர். ஒரு சிறுவன் மட்டும் எழுதவில்லை, எழுந்து நின்றான்.

"சார், இந்தப் பணம் எங்க வீட்டுக்கு வரலையே?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயின் சிரித்து மழுப்பிவிடக் கூடிய கேள்வியா அது? அன்று பாடநூலை மூடி வைத்தோம். அவரவர் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார், என்ன பெறுகிறார் என்று எழுதிவரச் சொன்னோம். மறுநாள் வந்த தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது, எந்த ஆணைக் குழுவும் தரமுடியாத அறிக்கை ஒன்று நம் மேசைமீது கிடந்தது. ஒருவன் தந்தை சுற்றுலாப் படகுக்குத் துடுப்புப் போடுகிறார். ஒருத்தி தந்தை நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருவன் தாய் சிதம்பரத்தில் துப்புரவுப் பணியாளர். கேள்வி கேட்ட சிறுவனின் தாய், கழுத்தளவு நீரில் இறங்கி, பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார். அவர் பெயருக்கு எதிரே அவன் தொகை எழுதவில்லை. "பிடிச்சா உண்டு" என்று எழுதியிருந்தான்.

யாருக்கு எவ்வளவு என்பதை யார் முடிவு செய்தார்கள்? எப்போது செய்தார்கள்? இந்தக் கேள்வியோடு வரலாற்று ஏடுகளைப் புரட்டினோம். கண்டதைத் தோழர்களிடம் கூறுவது கடமை எனக் கருதுகிறோம்.

சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்று மேடைகளில் சுவைபடச் சொல்வதுண்டு. அகராதி செய்தோர் அதை ஏற்பதில்லை. வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு எனும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்ததென்பர். எப்படி வந்திருந்தாலும், சோற்றிலிருந்து வந்தது என்பதில் இருசாராரும் ஒன்றுபடுகிறார்கள். நாணயம் பின்னர் வந்தது. நெடுங்காலம் நெல்லே சம்பளம், படியே கணக்கு.

அந்தக் கணக்கைக் கல்லிலே பொறித்தவர்கள் சோழர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014ஆம் ஆண்டையொட்டி, வெட்டுவித்த கல்வெட்டு, நம் நாட்டின் மிக விரிவான சம்பளப் பட்டியல்களில் ஒன்று. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடல் பயிற்றும் நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. அம்பட்டனுக்கு அரைப் பங்கு. இடையிலே தச்சர், கன்னார், குயவர், வண்ணார், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர் எனப் பெயரும் ஊரும் பங்குமாக வரிசை நீள்கிறது. நட்டுவனாருக்கும் நாவிதருக்கும் இடையே நான்கு மடங்கு வேறுபாடு. இன்றைய அலுவலகங்களோடு ஒப்பிட்டால் குறைவுதான்! அந்நாள் பெருமை பேசுவோர் இதைக் காட்டி மகிழலாம்.

மகிழுமுன் அதே மன்னனின் கல்வெட்டுகளை இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடும் வரிகளில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது. அந்தச் சேரிகளில் வாழ்ந்தோரின் உழைப்பில் விளைந்த நெல்தான் நட்டுவனாருக்கு இரண்டு பங்காகவும் நாவிதருக்கு அரைப் பங்காகவும் அளக்கப்பட்டது. அவர்களுக்கு எத்தனை பங்கு? குடை பிடித்தவனுக்குக் கூடக் கல்லிலே இடம் இருந்தது. ஏர் பிடித்தவனுக்கு ஒதுக்கப்பட்டது சேரி மட்டுமே. பட்டியலில் உள்ளவர்களின் உயர்வு தாழ்வை ஆராய்வது எளிது. பட்டியலுக்கே வராதவர்களைத் தேடுவதுதான் வரலாறு படிப்போரின் வேலை.

நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்துக்கே வருவோம். இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் எண்ணாயிரம் எனும் ஊரில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் ஒரு கல்லூரி இருந்தது. 340 மாணவர், 14 ஆசிரியர். அதன் செலவுக்கு 45 வேலி நிலம். இளமாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மேல்வகுப்பு மாணவருக்குக் குறுணி இருநாழி, அதாவது 10 நாழி. இலக்கணமும் மீமாம்சையும் விரித்துரைத்த ஆசிரியர்களுக்கு நெல்லுக்கு மேலே பொன்னும் உண்டு. படிப்பவனுக்குப் படியளந்த அரசு! ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு நாவூறத்தான் செய்கிறது. ஆனால் அங்கே கற்பிக்கப்பட்டவை வேதங்களும், வடமொழி இலக்கணமும், மீமாம்சையும், வேதாந்தமும். 45 வேலியை உழுதவனின் மகன் அந்தத் திண்ணையில் ஏறியிருக்க முடியுமா? புதுச்சேரியை அடுத்த திரிபுவனையிலும் இத்தகைய கல்லூரி ஒன்று இருந்தது, கதை வேறல்ல.

சிதம்பரத்தார்க்கு நந்தன் கதை சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை நினைவூட்டுகிறோம். ஆதனூர் நந்தனை வாட்டிய வேதியர், ஒரே இரவில் விளைந்த நாற்பது வேலி, இவையெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் சேர்த்தவை; சேக்கிழாரிடம் அந்த வேதியர் இல்லை. சேக்கிழார் சொல்லும் செய்தி வேறு. பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்துவந்த நந்தன், அத்தொழிலுக்காக ஊரார் விட்டுவைத்த பறைத்துடவையைக் கொண்டு வாழ்ந்தான். துடவை என்றால் தோட்டம், விளைநிலம். அதுவே அவன் சம்பளம். பக்தியை விலக்கிவிட்டு இதைச் சம்பளக் கணக்காகப் படித்துப் பாருங்கள். தொழிலை விட்டால் நிலம் போகும்; நிலத்தை விட்டால் சோறு போகும். சம்பளமே சங்கிலியாக இருந்தது.

நிற்க. நாம் சோழநாட்டிலேயே நின்றுவிட்டால் கடலூர்க் கோட்டை கோபித்துக்கொள்ளும்.

1690இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடலூர்க் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எட்டிய தொலைவுவரை உள்ள ஊர்களையும் எடுத்துக்கொண்டனர். குண்டு விழுந்த அவ்வூர்கள் குண்டுகிராமங்கள் எனப்பட்டன. நிலம் அளக்க இப்படியும் ஒரு கோல்! புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற அக்கோட்டைக்கு, 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, தப்பியோடி வந்து சேர்ந்த இளைஞர்களுள் ஒருவன் இராபர்ட் கிளைவ். 1744இல் கம்பெனியின் எழுத்தனாக வந்தவன். எழுத்தன் வேலைக்குச் சம்பளம் ஆண்டுக்கு 5 பவுன்.

ஆண்டுக்கு ஐந்தே பவுன்! கம்பெனி முதலாளிகள் கருமிகள் என்று எண்ணவேண்டாம். கெட்டிக்காரர்கள். சம்பளம் பெயருக்கு, சொந்த வாணிபமும் கையுறையும் வாழ்வுக்கு. பிளாசிப் போர் முடிந்த 1757இல், வங்கத்து அரியணையில் ஏற்றப்பட்ட மீர் ஜாபரிடம் கிளைவ் பெற்ற அன்பளிப்பு 2,34,000 பவுன். எழுத்தன் சம்பளத்தில் அதைச் சேர்க்க வேண்டுமானால் ஒரு காசும் செலவழிக்காமல் 46,800 ஆண்டுகள் எழுதியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை நம் மாணவர்களே போட்டார்கள். விடை சரியா என்று மும்முறை கேட்டார்கள்.

கொள்ளை எல்லை மீறியதும் கம்பெனிக்கு ஞானம் பிறந்தது. குறைந்த சம்பளம் கையூட்டை வளர்க்கிறது, ஆகவே சம்பளத்தை உயர்த்து என்றார் காரன்வாலிஸ். மாவட்டக் கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாய், வசூலில் தரகு வேறு. நல்லது. ஆனால் அதே காரன்வாலிஸ் வங்கத்தில் நியமித்த இந்தியத் தாரோகாவுக்கு, ஒரு காவல் வட்டத்தையே காக்க வேண்டியவனுக்கு, மாதம் 25 ரூபாய். வெள்ளைத்தோல் நேர்மையாக இருக்க ஆயிரத்தைந்நூறு வேண்டும்; கருந்தோல் நேர்மையாக இருக்க இருபத்தைந்து போதும்! தாரோகாக்கள் கையூட்டு வாங்கினர். உடனே, பார்த்தீர்களா, இந்தியன் நாணயமற்றவன் என்று அறிக்கை எழுதினர். ஆண்டுக்கு 500 பவுனுக்கு மேற்பட்ட பதவிகளுக்கு இந்தியர் வரமுடியாதபடி 1793ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்திருந்தது.

நம் தொழிலுக்கு அந்நாளில் என்ன மதிப்பு? சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்த ஆளுநர் தாமஸ் மன்றோ, 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் எழுதினார்: ஆசிரியர்கள் பெரும்பாலும் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை, தகுதியுடையோர் இத்தொழிலுக்கு வர இது போதாது. அவர் காட்டிய பரிகாரம், கலெக்டர் தலைமையிடத்துப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய், தாசில்தார் வட்டத்துப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். கலெக்டரின் ஒரு மாதச் சம்பளத்தில் நூறு ஆசிரியர்களை வைத்துக்கொள்ளலாம். மன்றோவைக் குறை கூறவில்லை. சிந்தித்தவர் அவர் ஒருவரேனும் இருந்தார்.

மேல்வரிசைச் சம்பளங்களுக்குப் பிற்காலத்தில் இந்தியர் வந்தனர். எந்த இந்தியர்? 1916 டிசம்பரில் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கை இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. 1912ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாகாணத்து உதவிக் கலெக்டர்கள் 140 பேரில் 77 பேர் பிராமணர்; மக்கள் தொகையில் அவர்கள் நூற்றுக்கு மூவர். முனிசீப்புகளில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். தனிப்பட்ட எவரையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. எண்ணாயிரத்துக் கல்லூரியில் யாருக்குப் படியளந்தார்களோ அவர்கள் வீட்டில் எழுத்து நின்றது. எழுத்து நின்ற வீட்டுக்குச் சம்பளம் வந்தது. வகுப்புவாரி ஆணை 1928இல் முத்தையா முதலியாரால் நடைமுறைக்கு வந்தபோது கூக்குரல் எழுந்ததற்குக் காரணம், வகுப்பு அன்று, சம்பளப் பட்டியல். அதே 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பறைத்துடவைக்குப் பதிலாகப் பலகை.

நம்மவர் செய்ததையும் மறைக்க மாட்டோம். இரட்டையாட்சிக் காலத்தில் நீதிக்கட்சி அமைச்சர்கள் மாதம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரூபாயைச் சம்பளமாகப் பெற்றனர். வெள்ளையன் வகுத்த விகிதம் என்பது உண்மை. வாங்கிய கை நம் கை என்பதும் உண்மை. 1930 மார்ச்சு 2ஆம் நாள் வைசிராய் இர்வினுக்கு எழுதிய மடலில் காந்தியார் ஒரு கணக்குப் போட்டார். வைசிராய்க்கு நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியனின் சராசரி வருமானம் நாளுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. ஐயாயிரம் மடங்குக்கு மேல்! இங்கிலாந்துப் பிரதமரோ அந்நாட்டுச் சராசரி மனிதனைப்போல் தொண்ணூறு மடங்குதான் பெறுகிறார். அடுத்த ஆண்டு கராச்சியில் கூடிய காங்கிரசு, எந்த அதிகாரிக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது என்று தீர்மானித்தது. 1937இல் சென்னை அமைச்சர்கள் அந்த ஐந்நூறைத்தான் பெற்றனர். 1967இல் அண்ணா தலைமையில் பதவியேற்ற அமைச்சர்கள் ஆயிரமாக இருந்த தம் சம்பளத்தை ஐந்நூறாகக் குறைத்துக்கொண்டனர். கோட்டையின் மேல்மாடியில் இவை நடந்தன. களத்துமேட்டில் நடந்தது என்ன?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், 1916இல் தம் மாணவர்களைச் சில சிற்றூர்களுக்கு அனுப்பி வீடுவீடாகக் கணக்கெடுக்கச் செய்தார். 1918இல் அது நூலாயிற்று. அவ்வூர்களுள் ஒன்று நம் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. அங்கே படியாள் என்றொரு வகுப்பு. மணத்துக்கோ மருந்துக்கோ வாங்கிய சிறு கடன், ஆளை நிலத்தோடு கட்டிப்போட்டது. படியளப்பதால் படியாள்; ஆனால் படியைப் பிடித்திருந்த கை வேறொருவர் கை. அடிமை முறையைச் சட்டம் ஏற்பதில்லை என்று 1843லேயே அறிவித்தாயிற்று. சட்டம் போனது, கடன் நின்றது. இவ்வூரை ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் மீண்டும் சென்று பார்த்திருக்கின்றனர்: 1930களில், 1961இல், 1980களின் தொடக்கத்தில், பின்னர் 2008இல். உலகிலேயே இத்தனை நீண்டகாலம் தொடர்ந்து எண்ணப்பட்ட ஊர்கள் சிலவே. நம் மாவட்டத்து இளைஞர்களில் எத்தனை பேர் அவ்வூரின் பெயரையேனும் அறிவர்?

இங்கே ஒரு பொருளியல் புதிர். ஆதம் ஸ்மித் 1776இல் எழுதிய நூலில், அருவருப்பான வேலைக்கும் ஆபத்தான வேலைக்கும் கூலி கூடுதலாக இருக்கும் என்றார். யாரும் விரும்பாத வேலைக்கு ஆள் வேண்டுமானால் கூடக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? தூக்கிலிடுபவனின் வேலை எல்லாவற்றிலும் வெறுக்கத்தக்கது. செய்யும் வேலையின் அளவுக்கு அவனுக்கே கூலி அதிகம் என்று எடுத்துக்காட்டும் தந்தார். தெளிவான வாதம். ஆயின் அவர் தமிழ்நாட்டுச் சாக்கடையைப் பார்த்ததில்லை. இங்கே மிக அருவருப்பான வேலைக்கு மிகக் குறைந்த கூலி. மலமள்ளியவருக்கும், பிணம் சுட்டவருக்கும், சேற்றில் நின்று நாற்று நட்டவருக்கும் கடைசிப் படி. ஏன்? ஸ்மித்தின் கணக்கில் ஒரு முன்கூற்று மறைந்திருக்கிறது: வேலை பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாம் என்பது. சாதி அந்தக் கதவைச் சாத்திவிட்டது. சாத்திய அறைக்குள் இருப்பவன் எப்படிப் பேரம் பேசுவான்?

பேரம் பேசியவர்கள் கதி நமக்குத் தெரியும். கொள்ளிடத்துக்குத் தெற்கே கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன்பின் கணபதியா பிள்ளை ஆணைக்குழு. அதன்பின் 1969இல் நியாயக் கூலிச் சட்டம். அப்போது நடந்தது நாம் விரும்பி அமைத்த ஆட்சி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கதவு திறந்தால் கூலி உயரும் என்பதற்குச் சான்று உண்டு. 1860இல் சென்னையிலிருந்து 'துரூரோ' எனும் கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்டது. ஒப்பந்தக் கூலி, முதலாண்டில் மாதம் 10 சில்லிங். அந்நாள் மதிப்பில் 5 ரூபாய். கொடிய வாழ்வுதான். ஆனால் கையில் நாணயம். கடல் கடக்கக் கூடாதென்று சாத்திரம் சொன்னபோதும் ஆர்க்காட்டுச் சேரிகள் ஏன் கப்பலேறின என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

விடுதலைக்குப் பிறகு, அரசு ஊழியரிடையே இடைவெளி குறைந்தது; மறுக்கமாட்டோம். 1947இல் வரதாச்சாரியார் தலைமையிலான முதல் ஊதியக்குழு, கடைநிலை ஊழியருக்கு 55 ரூபாயும், உச்சிக்கு 2,000 ரூபாயும் என்றது. முப்பத்தாறு மடங்கு. 2016இல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக்குழுவின்படி கீழே 18,000; உச்சியில் 2,50,000. பதினான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. சோழர் காலத்து நான்கு மடங்கு இல்லை என்றாலும், கலெக்டருக்கு நூறு வாத்தியார் என்ற நிலை இல்லை.

ஆனால் பட்டியலுக்கு வெளியே? 2025-26ஆம் ஆண்டுக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுதாகக் கிடைத்தால் ஆண்டுக்கு 33,600. அரசின் கடைநிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 2,16,000; ஆறு மடங்குக்கு மேல். உச்சியோ 30,00,000, ஏறத்தாழ 89 மடங்கு. நூறு நாள் வேலை ஒன்றே ஒரு குடும்பத்தின் முழு வருமானம் அன்று என்பதை அறிவோம். ஆனாலும் காந்தியார் 1930இல் இங்கிலாந்துப் பிரதமருக்குச் சொன்ன தொண்ணூறுக்குப் பக்கத்தில் இந்த எண் வந்து நிற்பதைப் பார்த்து நம் மாணவர்கள் வியந்தனர்.

ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்ற விந்தையும் உண்டு. அரசமைப்பின் 39ஆம் பிரிவு சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. 1982இல் ரண்தீர் சிங் வழக்கிலும், 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கிலும் உச்சநீதிமன்றம் அதை வலியுறுத்தியது. தமிழ்நாட்டிலோ 2009 மே 31 வரை பணியேற்ற இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370. மறுநாள் ஜூன் 1 முதல் பணியேற்றவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே கரும்பலகை, ஓர் இரவு இடைவெளி, 3,170 ரூபாய் வேறுபாடு. நெய்வேலியிலும் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே சுரங்கத்தில்தான் இறங்குகின்றனர்.

நாமும் ஒரு கதை வைத்திருக்கிறோம். கல்லூரியை விட்டு வந்ததும் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தோம். பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் ஏட்டில் கையொப்பமிட்ட தொகை ஒன்று; கைக்கு வந்த தொகை அதில் பாதி. கிளைவுக்கு ஏட்டில் குறைவு, கையில் அதிகம். நமக்கு நேர்மாறு. வரலாறு படித்ததால் அன்று சிரிக்க முடிந்தது. வாடகை கொடுக்க முடியவில்லை.

வகுப்பறைக்குத் திரும்புவோம். "பிடிச்சா உண்டு" என்று எழுதிய சிறுவனிடம் ஒரு குறிப்பேடு கொடுத்தோம். தாய் எத்தனை மணிக்கு நீரில் இறங்கினார், எப்போது ஏறினார், எவ்வளவு இறால், எடை போட்டவர் சொன்ன எடை எவ்வளவு, கொடுத்த காசு எவ்வளவு, இந்த ஐந்தையும் ஒரு மாதம் எழுதச் சொன்னோம். ஒன்பது நாள் ஆயிற்று. நான்காம் நாளிலிருந்து அவன் ஆறாவதாக ஒரு கட்டம் தானே போட்டுக்கொண்டிருக்கிறான்: வீட்டுத் தராசில் போட்ட எடை.